முதல் மிதியிலேயே புடிக்கணும்

கொல்லிமலை இறங்கி முடியிற எடத்துல, வளைஞ்சு வளைஞ்சு வந்த ரோடு கடைசியா ஒரு தடவை வளைஞ்சு, போதும்டா சாமின்னு நேராகுற எடத்துல, அடிவளவுன்னு ஒரு ஊரு இருக்கு. ஊருன்னதும் பெருசா நெனச்சுக்காதீங்க, என் டீக்கடை, தனபாலோட மிளகு நாத்துப் பண்ணை, சின்னப்பொண்ணோட இட்லி மாவுக் கடை, ஒரு பஞ்சர் கொட்டாய், ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு புளியமரம், அதைச் சுத்திக் கொஞ்சம் வூடுங்க, அவ்வளவுதான். மலையிலிருந்து எறங்குற வண்டி அத்தனையும் எங்க முன்னாடி வந்துதான் பிரேக்கைப் புடிச்சு மூச்சு விடும், அதனால எங்க ஊர்ல கைக்கொழந்தைக்குக்கூட தாய்ப்பாலுக்கு அடுத்தபடியா தெரிஞ்ச வாசனை பிரேக் கருகுற வாசனைதான்.

இப்படிப்பட்ட ஊருக்கு ஒரு சனிக்கிழமை வாணியோட காரு வந்துச்சு. வாணி நாமக்கல்ல கோழிப்பண்ணை வச்சிருக்கிற குடும்பத்துப் பொண்ணு, அப்பா போனதுக்கப்புறம் பண்ணையையும் மலைமேல இருக்கிற மிளகுத் தோட்டத்தையும் தனியா நின்னு பாக்குறவ, அவளுக்கு உலகத்துல ஒரே ஆசை அந்தக் காருதான். கருநீலக் கலரு, தரையோட படுத்துக்கிட்டு ஓடும், சாதாரணமா நிக்கும்போதே வயித்துக்குள்ள உறுமும், மேல வளைவுல வரும்போதே கீழ என் பாய்லர் மூடி கிடுகிடுன்னு ஆடும். அன்னிக்கு அவ கடைசி வளைவுல திரும்புறா, குறுக்க ஒரு ஆட்டுக்குட்டி, புள்ள பிரேக்கை ஓங்கி மிதிச்சா, காரு நின்னுச்சு.

நின்னது காரு மட்டும்தான், வேகம் நிக்கல. அது காரை விட்டு எறங்கி, விருந்துக்கு வந்த ஒறம்பரையாட்டம் நேரா எங்ககிட்ட வந்துருச்சு. சின்னப்பொண்ணு அப்பத்தான் ஆட்டி எடுத்து வச்ச மாவு பொங்கி அண்டாவை விட்டு வழிஞ்சு ரோட்டுக்கு வந்துச்சு, தனபாலோட நாத்து ஒரு சாண் வளந்து பக்கத்துல நின்னவன் கையைப் புடிச்சுச் சுத்திக்கிச்சு, எந்நேரமும் தூங்குற எங்க தெரு நாய் புளியமரத்தைச் சுத்திச் சுத்தி ஓடி தன் வாலையே பாத்துக் கொலைச்சுச்சு. வாணி எறங்கி வந்து சக்கரத்தைத் தொட்டுப் பாத்தா. கொதிக்க வேண்டிய சக்கரம் பானைத் தண்ணியாட்டம் ஜில்லுனு இருந்துச்சு.

அதெல்லாம் கெடக்கட்டும், எனக்கு என்ன நடந்துச்சுன்னா, எங்கூட்டுக்காரர் பெஞ்சுல இருந்து எந்திரிச்சு, கையில இருந்த டீயை மடக்கு மடக்குன்னு சூடாக் குடிச்சுட்டு, "பாவாயி, சக்கரை பத்தல"ன்னார்.

அவரு பேரு மாரப்பன், புருஷன் பேரைச் சொல்லிட்டேன்னு யாரும் சண்டைக்கு வரவேண்டாம், சொல்லாம உங்களுக்கு எப்படிப் புரியும். லாரி டிரைவரு. அன்னாசிப்பழ லோடோட எறங்கி வந்தப்ப இதே கடைசி வளைவுல பிரேக் புடிக்காம, ரோட்டை விட்டுத் தாண்டி, மரவள்ளிக் காட்டுக்குள்ள பூந்து, லாரி அதுவா இஷ்டப்பட்ட எடத்துல போய் நின்னுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல, ஊரே ஒரு வாரம் அன்னாசிப்பழம் தின்னு நாக்கு புண்ணாச்சு, ஆனா லாரியை விட்டு எறங்குனதுல இருந்து மனுஷன் மெதுவாயிட்டாரு. மெதுன்னா அப்படி ஒரு மெது. காலையில குடுத்த டீ வாய்க்குப் போறதுக்குள்ள ஆடை கட்டி, ஈ விழுந்து, பொழுதே சாஞ்சுரும். ஒரு வார்த்தை ஆரம்பிச்சாருன்னா நான் கடையைக் கூட்டி, வடை போட்டு, யாவாரம் முடிச்சு வந்தாத்தான் அது முடியும். நாமக்கல்லுல பாத்தோம், சேலத்துல பாத்தோம், நரம்பு நல்லா இருக்கு, மூளை நல்லா இருக்குன்னு அனுப்பி வச்சாங்க. வலது காலு மட்டும் எந்நேரமும் தரையை அமுக்கிக்கிட்டே இருக்கும். பெஞ்சுக்கு அடியில அது பட்ட எடம் குழியாப் போச்சு, மண்ணைப் போட்டு மூடுனேன், சிமெண்டு பூசுனேன், அதுவும் அமுங்கிப் போச்சு. "அன்னிக்கு மிதிச்ச பிரேக்கை மாரப்பண்ணன் இன்னும் எடுக்கல"ன்னு ஊர்ல சொல்லுவாங்க.

அந்த மனுஷன் சக்கரை பத்தலைன்னு சொன்னா எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்க. கரண்டியைக் கீழ போட்டுட்டு ஓடிப் போய் முன்னால நின்னேன். என்னை ஏற எறங்கப் பாத்தாரு. "ஏன் புள்ள, உனக்கு இவ்வளவு நரைச்சுப் போச்சு?"ன்னார். எனக்கு அழுவாச்சி வந்துருச்சு, "ஏனுங்க, இத்தனை வருசம் இங்கதானே இருந்தேன்"னு சொல்றதுக்குள்ள அவரு மறுபடி மெதுவாயிட்டாரு.

எப்படி நடந்துச்சுன்னு கொஞ்ச நாள் பேசுனாங்க. ஆயுத பூசைக்குப் பண்ணை ஆளுங்க சக்கரத்தைக் கழட்டிக் கழுவி, பிரேக்குல இருக்கிற பேடு, அதாங்க சக்கரத்தோட சுத்துற டிஸ்க்கை ரெண்டு பக்கமும் கவ்விப் புடிக்கிற கட்டை, அதுமேல சந்தனம் குங்குமம் வச்சுட்டாங்களாம், அதனாலதான்னு தனபாலு சொன்னான். தனபாலுக்கு எல்லாத்துக்கும் ஒரு காரணம் தெரியும். சின்னப்பொண்ணு, "வந்ததை வாங்கி வச்சுக்காம வந்த வழியைத் தோண்டிக்கிட்டு"ன்னு ஒரு சத்தம் போட்டா, அதோட அந்தப் பேச்சு நின்னுருச்சு.

அதுக்கப்புறம், வாரா வாரம் தோட்டத்தைப் பாத்துட்டு அவ எறங்குற சனிக்கிழமைன்னா எங்களுக்குத் திருவிழாதான். பாய்லர் மூடி ஆடுனா காரு மேல வருதுன்னு அர்த்தம், ஆளாளுக்கு மெதுவா நடக்கிற சோலியைத் தூக்கிக்கிட்டு வளைவுக்கிட்டப் புளியமரத்தடிக்கு வந்துருவாங்க. ஊறவச்ச துணி, காயாத வடகம், பழுக்காத வாழைத்தாரு, அடையில உக்காந்த கோழி, எழுத்துக்கூட்டிப் படிக்கிற புள்ளைங்க, பொண்ணு பாத்துட்டுப் போயி பதிலே சொல்லாம இழுத்தடிக்கிற மாப்பிள்ளை வூட்டாளுங்களைக்கூட டீ குடிக்கலாம் வாங்கன்னு ஏமாத்திக் கூட்டியாந்து நிக்க வச்சுருக்காங்க, அவங்க அங்கேயே சரின்னு சொல்லித் தாம்பாளத்தை மாத்திக்கிட்டாங்க. தொண்ணூறு தாண்டுனவங்களை மட்டும் புளியமரத்துக்கு அந்தப் பக்கமா உக்கார வச்சுருவோம், வேகம் பட்டு, மெதுவா வர்ற சாவு பொசுக்குனு வந்துரக் கூடாதுல்ல. ரோடு போடுற ஆளுங்க வளைவுக்கு மேல வேகத்தடை போட வந்தப்ப ஊரே திரண்டு, "மேலயே வேகத்தைக் கொறச்சுட்டா எங்களுக்கு என்னய்யா மிச்சம் வரும்?"னு கேட்டுச்சு, அவங்க எங்களை ஒரு மாதிரியாப் பாத்துட்டு ஜல்லியைத் திருப்பி ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க.

வாணி இதுக்கெல்லாம் ஒண்ணும் சொல்லமாட்டா. "எனக்குக் காரு நின்னாச் சரிங்க்கா"ம்பா, டீயைக் குடிப்பா, கெளம்பிருவா.

எனக்குச் சனிக்கிழமை ஒரு டீ கொதிச்சு எறங்குற நேரத்துக்குப் புருஷன் கெடைச்சாரு. என்ன பேசிடப் போறோம், கத்திரிக்கா ஏன் இப்படிச் சூத்தையா வாங்கியாந்தே, கூரையில ஓடு நகந்திருக்கு பாரு, போன வாரம் சொல்ல வந்தேன் முடியல, அப்படித்தான். ஒரு தடவை ஒண்ணும் பேசாம என் கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு, அந்த வாரம் பூரா எனக்கு அது போதும்னு இருந்துச்சு. மத்த நாளெல்லாம் அந்த ஒரு நாளுக்காக ஓட்டுனேன், மறைச்சுப் பேச என்ன இருக்கு.

அப்புறம் ஒரு சனிக்கிழமை, மேல வளைவுல காரு வர்ற சத்தத்தோட இன்னொரு சத்தமும் வந்துச்சு. கீச்சுனு, தகரத்தை ஆணியில இழுக்கிற சத்தம். இருபது வருசமா பிரேக் சத்தத்துலயே டீ ஆத்துறவ நான், எனக்குத் தெரியாதா. பேடு தேஞ்சு முடியப் போனா அதுல இருக்கிற ஒரு சின்னத் தகடு டிஸ்க்குல உரசிக் கத்தும், கத்தறதுக்குன்னே அதை வச்சிருக்காங்க. காரு வந்து நின்னு, வேகம் வந்து, ஊரே அவங்கவங்க சோலியில எறங்கிருச்சு. நான் நேரா வாணிகிட்டப் போயி, "கண்ணு, உன் பேடு முடிஞ்சு போச்சு, மாத்திரு"ன்னேன்.

"தெரியும்க்கா, போர்டுல லைட்டும் எரியுது. ஆனா மாத்திட்டா..."ன்னு அவ எங்கூட்டுக்காரரைப் பாத்தா. அவளுக்கும் மனசு இருக்குல்ல.

அவ்வளவுதான், தனபாலு காதுல விழுந்துருச்சு. என் கடையிலயே பஞ்சாயத்து கூடிருச்சு. பிரேக்குன்னா எங்க ஊர்ல ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கும், சாமி விஷயத்துலகூட அவ்வளவு இருக்காது. மாத்தவே வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்னான் ஒருத்தன். அதே கம்பெனிப் பேடையே வாங்கி அதே மாதிரி சந்தனம் வச்சுருவோம்னா சின்னப்பொண்ணு. தனபாலு எல்லாரையும் கையமத்திட்டு, "ரேஸுக்குப் போடுற பேடு இருக்குதாம். அதைப் போட்டா வேகம் இப்ப வர்றதை விடக் கொட்டும், மாரப்பண்ணன் நாள் பூரா நடமாடுவாரு. பாவாயக்கா, உனக்காகத்தான் சொல்றேன்"னான்.

வாணி பொறுமையாச் சொன்னா. கம்பெனிப் பேடு டவுனுக்குச் சரி, சத்தம் வராது, ஆனா இவ்வளவு வளைவு எறங்குனா சூட்டுல சோந்து போயி பெடல் தொப்புனு உள்ள போகும். ரேஸ் பேடு நேரெதிர், எவ்வளவு சூடானாலும் சளைக்காது, ஆனா அது புடிக்கிறதுக்கே முதல்ல சூடாகணும், சூடேறாம பச்சையா இருக்கும்போது மிதிச்சா வழுக்கிக்கிட்டு ஓடும். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு, பச்சையிலயும் புடிக்கும், மலையையும் தாங்கும், ஆனா கொஞ்சம் கத்தும், சக்கரமெல்லாம் கரி அப்பும். "பெரிய டிஸ்க்கே மாத்திரலாம்னு பாத்தேன், என் சக்கரத்துக்குள்ள அடங்காது. எதைப் போட்டாலும் பிரேக் ஆயிலைப் புதுசா மாத்தணும், பழசு தண்ணி கோத்துக்கும். ஆனா வேகம் எதுல கொட்டும்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலைங்க"ன்னா.

இதை அவங்க பேசிக்கிட்டு இருக்கும்போதே எங்கூட்டுக்காரர் எந்திரிச்சுப் போயி காருக்கிட்டக் குந்தி, சக்கரத்து இடுக்குல கண்ணை வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அவருக்குக் கெடைச்ச அந்தக் கொஞ்ச நேரத்தை, என்கிட்டப் பேசாம, டீயைத் தொடாம, அதுக்குச் செலவு பண்ணுனாரு. எனக்குக் கோவம்தான் வந்துச்சு.

திரும்பி வந்து, "அம்மிணி, மாத்திரு"ன்னார் வாணிகிட்ட.

"ஏனுங்க, மாத்திட்டா நீங்க..."ன்னேன் நான்.

"பாவாயி, அன்னிக்கு எனக்கும் இப்படித்தான் கத்துச்சு. லோடு எறக்கிட்டு மாத்திக்கலாம்னு வந்தேன். எந்தப் பேடு வேணாலும் போடட்டும், ஆனா முதல் மிதியிலேயே..." அதுக்குள்ள வேகம் தீந்துருச்சு. வாய் தெறந்தபடி நின்னாரு. எல்லாரும் கலைஞ்சு போனாங்க, வாணியும் கெளம்பிட்டா, நான் அடுப்பை அணைச்சுட்டு அவரு பக்கத்துல உக்காந்துக்கிட்டேன். வெயில் புளியமரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் எறங்குற நேரத்துலதான் மிச்சம் வந்துச்சு. "புடி...க்க...ணும்." நான் வாணிக்குப் போன் போட்டுச் சொன்னேன், நடுவுல இருக்கிறதையே வாங்கு கண்ணு, கத்துனாக் கத்தட்டும், கரி அப்புனா நான் தொடச்சுத் தர்றேன்னு.

பேடு ஒரு பெட்டியில வந்துச்சு. மாத்தறதுக்கு நாமக்கல் லாரிப் பட்டறையிலிருந்து சாதிக் பாயைக் கூட்டிக்கிட்டு வாணி எங்க ஊருக்கே வந்துட்டா, நீங்கல்லாம் பாக்கணும்ல, உங்களுக்குத் தெரியாம மாத்துனா நல்லா இருக்காதுன்னு. எனக்கு அந்தப் புள்ளை மேல அன்னிக்குத்தான் மரியாதையே வந்துச்சு. பஞ்சர் கொட்டாயில சாதிக் பாய் சக்கரத்தைக் கழட்ட ஆரம்பிச்சதும், நான் எதிர்பார்த்த மாதிரியே, தனபாலும் சின்னப்பொண்ணும் முன்னால நின்னு, பின்னால ஊரே நின்னு, ஒரு கிண்ணத்துல சந்தனம் குழைச்சு எடுத்துக்கிட்டு வந்தாங்க. சந்தனம் மட்டும்னாக்கூடப் பரவால்ல, கோயில்ல இருந்து வெளக்கு நெய்யையும் ஊத்திக் குழைச்சுருக்காங்க கருமம் புடிச்சவங்க.

சாதிக் பாய் பதறிட்டாரு. "ஏம்மா, பேடுல பிசுக்கு பட்டாப் புடிக்கவே புடிக்காதுங்க."

"ஒரு பொட்டுதான பாய். அது என்ன பண்ணிரும்?"னா சின்னப்பொண்ணு. அப்புறம் என் பக்கம் திரும்பி, "பாவாயக்கா, நீயே வையி. உன் கையால வச்சா உன் புருஷன் பொழைப்பாரு"ன்னு கிண்ணத்தை நீட்டுனா.

என் கை கிண்ணத்துக்குப் போச்சு. பொய் சொல்லமாட்டேன், போச்சு. அந்தக் கிண்ணத்துல இருந்தது சந்தனம் இல்ல, சக்கரை பத்தலைன்னு சொல்ற ஒரு குரலு. ஆனா பெஞ்சுல அவரு எங்களையே பாத்துக்கிட்டு இருந்தாரு, மெதுவா, கண்ணை எடுக்காம. நான் கையை மடக்கிக்கிட்டு, பேடு பெட்டியைக் கீழ வச்சு, அது மேல சம்மணம் போட்டு உக்காந்துட்டேன். நான் ஒண்ணும் இளைச்ச ஒடம்பு இல்ல. "எவளாவது எவனாவது கிட்ட வந்தீங்க, பாய்லர் தண்ணியை மூஞ்சியில ஊத்திருவேன்"னேன். சாதிக் பாய் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பேடு கேக்கும்போது ஒரு பக்கமா ஒருக்களிச்சு எடுத்துக் குடுத்தேன், மறுபடி உக்காந்துக்கிட்டேன். என் புருஷன் பேச்சு மேலதான் நான் உக்காந்திருந்தேன், அது எனக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும். தனபாலு முகத்தைத் திருப்பிக்கிட்டான், சின்னப்பொண்ணு கிண்ணத்தோட அழுதுக்கிட்டே போனா.

புதுப் பேடை டிஸ்க்கோட பழக்கறதுக்கு நேர் ரோட்டுல வேகமாப் போயி அமுக்கிப் புடிக்கணும், மறுபடி போயி மறுபடி புடிக்கணும், அப்பத்தான் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு படியும். வாணி போயிப் போயி வந்து நின்னா. ஊர்ல நம்பிக்கை விடாதவங்க அண்டாவும் வாழைத்தாருமா ரோட்டோரம் நின்னாங்க. காரு நின்னுச்சு, சும்மா நின்னுச்சு. மாவு அசையல. சின்னப்பொண்ணு சக்கரத்தைத் தொட்டுப் பாத்து, "ஐயோ"ன்னு விரலை வாயில வச்சுக்கிட்டா, தோசைக்கல்லாட்டம் கொதிச்சுருக்கு. எல்லா வண்டியிலயும் வர்ற அதே கருகுன வாசனை. அவங்கவங்க சாமானைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க.

அதுக்கப்புறம் ஊர்ல யாரும் என் கடையில டீ குடிக்கல. லாரிக்காரங்க மட்டும்தான். தனபாலு எதுத்தாப்புல வந்தா எச்சியைத் துப்பிட்டுப் போவான். எங்கூட்டுக்காரர் பெஞ்சுல, ஆடை கட்டுன டீயோட, குழிக்குள்ள காலை அமுக்கிக்கிட்டு. நான் பாத்திரத்தையெல்லாம் சத்தம் வர்ற மாதிரி கழுவுவேன், யார் மேல கோவம்னு எனக்கே தெரியாது.

அடுத்த வருச ஐப்பசி மழை ஆரம்பிச்ச சமயம், ஒரு சனிக்கிழமை காலை. வாணி நாமக்கல்லுல இருந்து மலைக்கு ஏறிப் போறதுக்கு வந்துக்கிட்டு இருந்தா. தூறல். நேர் ரோடு, பிரேக்கையே தொடாம வந்திருக்கா, டிஸ்க்கு நனைஞ்சு பச்சையா இருந்திருக்கும். பாய்லர் மூடி ஆடுச்சு. நான் உள்ள வடைக்கு அரைச்சுக்கிட்டு இருந்தேன். திரும்பிப் பாத்தா பெஞ்சுல ஆளைக் காணோம்.

பழக்க தோசத்துல கெளம்பிட்டாரு. எப்பக் கெளம்புனாருன்னு தெரியல, நான் கோலம் போட்டப்பவே ஒரு காலு வெளிய வச்சுருந்தாரு, நான்தான் கவனிக்கல. சனிக்கிழமை வேகம் வாங்க வளைவுக்கிட்ட நிக்கிற எடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில. வலது காலை இழுத்து இழுத்து, நடு ரோட்டுக்கு வந்துட்டாரு. மழையில ஒரு கல்லாட்டம் நிக்கிறாரு. அந்தப் பக்கம் கருநீலமா காரு வருது. நான் கத்துனேன், சத்தம் வந்துச்சா இல்லையான்னு தெரியல. தனபாலு நாத்துத் தட்டைப் போட்டுட்டு ஓடி வர்றான், எட்டமாட்டான்னு அவனுக்கே தெரியுது.

வாணி மிதிச்சா. ஒரே மிதி.

காரு கத்துச்சு, மூக்கைத் தரையில குத்துற மாதிரி குனிஞ்சுச்சு, அவரு வேட்டி மடிப்புக்கும் அதுக்கும் நடுவுல ஒரு சாண் எடம் விட்டுட்டு நின்னுச்சு. சக்கரத்துல இருந்து மழைத்தண்ணி ஆவியாப் போச்சு. யார் மேலயும் எந்த வேகமும் வரல, நாயி படுத்த எடத்துலயே படுத்திருந்துச்சு. வாணி ஸ்டியரிங்கைப் புடிச்சபடி அழறா. தனபாலு ரோட்டுலயே உக்காந்துட்டான். வேற ஒரு பேடு போட்டிருந்தா, ஒரு பொட்டு நெய்யி பட்டிருந்தா, என்ன ஆகியிருக்கும்னு அங்க நின்ன ஒவ்வொருத்தருக்கும் தெரியும்.

எங்கூட்டுக்காரர் அந்த ஒரு சாண் எடத்தையே பாத்தாரு. காரு மூக்கைப் பாத்தாரு, ரோட்டைப் பாத்தாரு, லாரி தாண்டிப் போன மரவள்ளிக் காட்டுப் பக்கம் பாத்தாரு. பின்னால பஸ்ஸு வந்து நின்னுச்சு, லாரிங்க வந்து நின்னுச்சு, ஒரு ஹாரன்கூட அடிக்கல. நான் ஓடிப் போயி அவரு தோளைப் புடிச்சேன்.

"நின்னுருச்சு, பாவாயி"ன்னார். இழுக்காம, ஒரே மூச்சுல.

"ஆமாங்க, நின்னுருச்சு"ன்னேன்.

அப்புறம் குனிஞ்சு தன் வலது காலைப் பாத்துட்டு, தார் ரோட்டுல அமுங்கியிருந்த அதை, வண்டி நின்னதும் டிரைவருங்க பிரேக்குல இருந்து காலை எடுப்பாங்கல்ல, அதே மாதிரி எடுத்தாரு.

கடைக்குக் கூட்டிக்கிட்டு வந்து டீ போட்டுக் குடுத்தேன், அவசரத்துல கொதிக்கக் கொதிக்க ஊத்திட்டேன் போல. வாங்குன வேகத்துல வாயில வச்சு நாக்கைச் சுட்டுக்கிட்டு, "மனுஷன் குடிக்கிற சூடாடி இது?"ன்னு ஊரு முன்னாடி என்னைத் திட்டுனாரு. நான் இன்னும் கொஞ்சம் சக்கரை போட்டேன்.